மாவு அரைக்கும் அக்காவும் ஒரு தீர்மான நோட்டும்

(காட்சி: குடியாத்தம், விடியற்காலை. திண்ணையில் ஒரு சின்ன கிரைண்டர் ஓடுகிறது.)

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் இட்லி மாவு விற்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். பெரிய கிரைண்டர் வாங்கினால் டிபன் கடைகளுக்கும் மாவு போடலாம். ஆனால் அடமானம் வைக்கப் பட்டா இல்லை, இருந்த கம்மலும் அடகுக் கடையில்.

தெருமுனையில் தண்டல்காரர் தயார். பத்தாயிரம் என்பார், 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். ஐம்பதாம் நாள் பாதிக் கடன் தீர்ந்திருக்கும். வட்டி மட்டும் மொத்தத்துக்கும் முதல் நாளே போயாச்சு.

(காட்சி: கோயில் மண்டபத்தில் குழுக் கூட்டம். நோட்டில் ஒரு விரல் நகர்கிறது.)

இன்னொரு வழி, மகளிர் சுய உதவிக் குழு. வழக்கமாக 12 முதல் 20 பேர். சந்தா கட்டிச் சேர்த்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே உள்கடன். அதன் வட்டியும் குழுக் கணக்கிலேயே தங்கிவிடும்.

என்னைக் கேட்டால் பணத்தைவிட அந்தத் தீர்மான நோட்டுதான் பெரிசு. யார் வந்தார், யாருக்கு எவ்வளவு கடன், எதற்கு, தவணை கட்டினாரா, எல்லாம் அதில் இருக்கும். கீழே கையெழுத்துகள், நடுவே ஓரிரண்டு கைநாட்டு. குழு தொடங்கி ஆறு மாதம் போனபின், கடன் தருவதற்கு முன் குழுவின் தரம் பார்க்க வரும் வங்கி இதைத்தான் புரட்டும். குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

சரி, மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள் தருவதையும் ‘குழு லோன்’ என்றுதான் சொல்கிறோம். பேர்தான் ஒன்று. அங்கே வட்டி கம்பெனிக்குப் போகும்; ஒருத்தி தவணை விட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் வந்து நிற்பார்கள்.

சுய உதவிக் குழு மட்டும் சுத்தத் தங்கமா? குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநரின் சொந்தக்காரர்களுக்கே உள்கடன் போகிற குழுக்களும் உண்டு. கூட்டத்தில் நோட்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே வெளியே வந்துவிடும்.

(காட்சி: மாவட்டத் தொழில் மையத்தின் படிக்கட்டு.)

அப்புறம், தொழில் பெரிதானால் அரசின் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. திட்டம் இருப்பது சரி, அங்கே போய் யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது? “கொட்டேஷன்ல கடைக்காரர் சீல் இருக்கான்னு பாத்துக்கோ, ஜெராக்ஸ் ரெண்டு செட் எடுத்துக்கோ” என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிடுவது, ஏற்கெனவே போய் வந்த இன்னொரு குழுக்கார அக்காதான்.