ஜி.யு.போப் கல்லறையில அந்த வாசகம் இல்லவே இல்ல! | ஆக்ஸ்ஃபோர்டு சுவர்கள் மறைக்கற கதைகள்

(இசை இல்ல. நேரா குரல்.)

வணக்கம் மக்களே. ஒரே ஒரு கேள்வி. திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த ஜி.யு.போப் கல்லறையில என்ன எழுதியிருக்கு?

பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணவங்க, பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவங்க எல்லாரும் இந்நேரம் சொல்லியிருப்பீங்க: "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்." நானும் ஏழாவது படிக்கும்போது மேடையில கையை நீட்டி இதைச் சொல்லி, ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினவன்தான்.

அந்தக் கல்லுல அந்த வாசகம் இல்ல.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கறதா இல்ல. ஆனா கல்லுல நிஜமா என்ன இருக்குன்னு கடைசியில சொல்றேன். ஸ்கிப் பண்றவங்க பண்ணிக்கோங்க, நடுவுல ஒரு சாராயக்கடைச் சண்டை இருக்கு, அதை விட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

(திரையில்: ஆக்ஸ்ஃபோர்டு வரைபடம்)

பின்னணி, அரை நிமிஷம். அந்தக் கல்லறை இருக்கற ஊரு, இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு. 1096லயே அங்க பாடம் நடந்திருக்கு. பழைய ஊருங்கறதால சுவருக்குச் சுவர் நினைவுப் பலகை. "இன்னார் இங்கே வாழ்ந்தார்"னு வீட்டுல வட்டப் பலகை மாட்டற பழக்கம் லண்டன்ல 1860கள்ல வந்தது. 1867ல முதல் பலகை, கவிஞர் பைரன் பொறந்த வீட்டுக்கு. 1889ல அந்த வீட்டையே இடிச்சிட்டாங்க. நினைவுச் சின்னத்தோட தொடக்கமே இந்த லட்சணம். சரி, பின்னணி முடிஞ்சது.

(திரையில்: கார்ஃபாக்ஸ் சந்திப்பு)

ஊருக்கு நடுவுல கார்ஃபாக்ஸ்னு ஒரு நாற்சந்தி. அந்தப் பேருக்கே லத்தீன்ல நாலாப் பிரியறதுன்னுதான் மூலம். ஒரு முனையில பழைய கோபுரம், இன்னொரு முனையில பேங்க் கட்டடம். அந்தக் கட்டடத்துச் சுவர்ல கல்லுல வெட்டின ஒரே ஒரு வரி: இது ஸ்விண்டில்ஸ்டாக் மதுக்கடை இருந்த இடம், 1250 முதல் 1709 வரை.

அவ்வளவுதான். படிச்சவங்க "ஓ, பழைய பார் போல"ன்னு நகர்ந்துடுவாங்க. அந்தக் கல்லு வாயைத் திறக்காத விஷயம் இதுதான்.

1355, பிப்ரவரி 10. புனித ஸ்கொலாஸ்டிகா திருநாள். பல்கலைக்கழகத்து ஆளுங்க சிலர் அந்தக் கடையில உக்காந்து ஒயின் வாங்கறாங்க. ஒரு மடக்கு. முகம் சுளிக்குது. "என்னய்யா சரக்கு இது?" கடைக்காரர் பேரு ஜான் டி கிராய்டன். அவர் பதிலுக்கு ஏடாகூடமா ஏதோ சொல்றாரு. உடனே ஒயின் பாத்திரம் பறந்து போய் அவர் மண்டையில விழுது.

இங்க ஒரு சின்ன தகவல். அந்தக் கடையோட உரிமையாளர் ஜான் டி பெரஃபோர்டு. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர்தான் ஊர் மேயர். புரியுதுல்ல? நீங்க கடையில தகராறு பண்ணல, ஆளுங்கட்சி கடையில தகராறு பண்ணியிருக்கீங்க.

ஊர்க்காரங்க எதிர்முனையில இருந்த செயின்ட் மார்ட்டின் தேவாலய மணியை அடிச்சு ஆளு கூட்டறாங்க. (அந்த தேவாலயம் இப்ப இல்ல. மிஞ்சினதுதான் நான் முதல்ல சொன்ன கோபுரம்.) மாணவர்கள் பதிலுக்கு பல்கலைக்கழகத்து தேவாலயமான செயின்ட் மேரி மணியை அடிக்கறாங்க. வில்லும் அம்பும் வந்துடுச்சு. மறுநாள் சுத்துப்பட்டுக் கிராமத்து ஆளுங்களும் உள்ள நுழைஞ்சு, மாணவர் விடுதிகளை உடைச்சுக் கொள்ளையடிச்சு, மூணு நாள் ரகளை. வழிவழியா சொல்ற கணக்குப்படி பல்கலைக்கழகத்துப் பக்கம் மட்டும் 63 சாவு. ஊர்க்காரங்கள்லயும் பலர் போய்ட்டாங்க. ஒரு மடக்கு மட்டமான ஒயினுக்கு!

ஆனா எனக்குப் பிடிச்சது சண்டை இல்ல, அபராதம். அப்ப ராஜா மூன்றாம் எட்வர்டு. அவர் பல்கலைக்கழகத்துப் பக்கம் சாய்ஞ்சிட்டாரு. ஊர்ல ரொட்டி, பீர், ஒயின் என்ன விலை, எடைக்கல்லு சரியா இருக்கான்னு பாக்கற அதிகாரமெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. அதாவது சரக்கு சரியில்லன்னு சண்டை போட்டவங்க கையிலயே சரக்கு இன்ஸ்பெக்டர் வேலை. அதோட விட்டாங்களா? வருஷா வருஷம் அதே பிப்ரவரி 10 அன்னிக்கு, மேயரும் பெய்லிஃப்களும் (ஊர் அதிகாரிகள்) ஊர்ப் பெரிய மனுஷங்க 60 பேரும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போய் வழிபாட்டுல நின்னு, தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்கணும்.

எத்தனை வருஷம் நடந்திருக்கும்? பத்து? ஐம்பது?

1825 வரைக்கும்! 470 வருஷம்! தாத்தாவுக்குத் தாத்தா பண்ண தப்புன்னுகூட சொல்ல முடியாது, அதுக்கும் மேல போகணும். நம்ம ஊர்ல ரெண்டு கிராமம் தேர் வடம் பிடிக்கற தகராறுல மூணு தலைமுறை பேசாம இருந்தா "என்னடா இது"ன்னு தலையில அடிச்சுக்கறோம். இவங்க வழக்கமா காசே கட்டியிருக்காங்க. 1825ல ஒரு மேயர் முடியாதுன்னு சொன்ன பிறகுதான் அது நின்னது. முறைப்படி ராசியானது எப்பன்னா 1955ல, 600வது வருஷத்துல. மேயருக்கு கௌரவப் பட்டம், துணைவேந்தருக்கு ஊரோட கௌரவ உரிமை. கைகுலுக்கியாச்சு. இதையெல்லாம் அந்தக் கல்லு "1250 முதல் 1709"ன்னு முடிச்சிடுச்சு பாருங்க, அந்த அமுக்கத்தை என்னன்னு சொல்றது!

இந்தக் கதை பிடிச்சிருந்தா லைக் போடுங்க. ஒரு பென்னிகூட கேக்கல.

(திரையில்: ஹை ஸ்ட்ரீட்)

கிழக்கே ஹை ஸ்ட்ரீட்ல 83ஆம் எண் வீட்டுல நீலப் பலகை: சாரா கூப்பர், 1874ல தன் சமையலறையில ஆரஞ்சு மார்மலேடு காய்ச்சினவங்க. ஜாமுக்கும் பலகை வெக்கற ஊரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

அதே தெருவுல யுனிவர்சிட்டி காலேஜ் சுவர்ல ஒரு கல். 1655 முதல் 1668 வரை ராபர்ட் பாயில் இங்க குடியிருந்தாராம். ஆமா, நம்மளைப் பரிட்சையில படுத்தின அதே பாயில் விதி. அவருக்கு ஏர் பம்ப் செஞ்சு கொடுத்த உதவியாளர் யாரு? ராபர்ட் ஹூக். ஹூக் விதி. ரெண்டு விதியும் ஒரே வாசல்ல! அந்தக் கல்லு ஹூக்கைப் பத்தி, மைக்ரோஸ்கோப் செஞ்சு "உயிருள்ள செல்"லை முதல்ல கண்டறிஞ்சார்னு சொல்லுது. இங்கதான் நான் கையைத் தூக்கறேன். அவர் பாத்து "செல்"னு பேர் வெச்சது தக்கைச் சீவல்ல. தக்கையில இருக்கறது செத்துப்போன செல்லோட வெறும் சுவர். கல்வெட்டுல இருந்தா சத்தியம்னு நினைக்கறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

(திரையில்: பிராட் ஸ்ட்ரீட், தரையில கல் சிலுவை)

பிராட் ஸ்ட்ரீட்ல, தரையோட தரையா உருண்டைக் கல்லு பதிச்ச ஒரு சிலுவை. சைக்கிள் அது மேலயே கடகடன்னு போகும். 1555லயும் 1556லயும் லாட்டிமர், ரிட்லி, கிரான்மர்னு மூணு பிஷப்புகளை, புராட்டஸ்டன்ட் நம்பிக்கைக்காக உயிரோட எரிச்ச இடம் அது. அதுக்கான பெரிய நினைவுத்தூண் பக்கத்துத் தெருவுல இருக்கு. போட்டோ எடுக்கறவங்க அங்க போயிடுவாங்க, நடந்த இடம் இங்க கால்ல மிதிபடுது. அந்தத் தூணு தரைக்குக் கீழ புதைஞ்ச சர்ச்சோட உச்சின்னு மாணவர்கள் டூரிஸ்ட்டை ஏமாத்துவாங்கன்னு ஒரு பழைய ஜோக் உண்டு.

அந்தச் சிலுவையில நின்னு நிமிர்ந்தா எதிர்ல பேலியல் காலேஜ். நம்ம போப் சேப்ளனா, அதாவது காலேஜ் பாதிரியாரா இருந்த காலேஜ். அதே தெருவோட கிழக்குக் கோடியில, உச்சியில யானை வடிவக் காற்றுத்திசைகாட்டி சுத்தற கட்டடம், இந்தியாவைப் பத்திப் படிக்கறதுக்குன்னு கட்டின அந்தக் காலத்து இந்தியன் இன்ஸ்டிடியூட். போப் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டுலதான். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886ல வந்தது.

திருவாசக மொழிபெயர்ப்புக்கு அவர் எழுதின முன்னுரையில ஒரு காட்சி. ஒரு ஜூன் மாச ராத்திரி. பேலியல் முற்றத்துல காலேஜ் தலைவர் ஜோவெட்டும் போப்பும் நடந்துக்கிட்டே பேசறாங்க, பேச்சு தமிழ்ப் பாட்டுகளைப் பத்தி. ஜோவெட் சொல்றாரு, எப்படியாவது இதை அச்சுல கொண்டு வாங்க. போப்: எனக்கென்ன சாகாவரமா இருக்கு, ரொம்ப நாள் இழுக்குமே. ஜோவெட் திரும்பறாரு. நிலா வெளிச்சம் அவரோட வெள்ளை முடியில விழுது. போப் தோள்ல கை வெச்சுச் சொல்றாரு, பெரிய வேலை ஒண்ணு கையில இருந்தா ஆயுசு நீளும், நீங்க முடிக்கற வரைக்கும் இருப்பீங்க.

இருந்தாரு. 1900ல, 80வது பிறந்தநாள் தேதி போட்டு முன்னுரை எழுதி முடிச்சாரு. ஜோவெட்தான் அதைப் பாக்காம 1893லயே போய்ட்டாரு.

(திரையில்: செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம்)

வால்டன் ஸ்ட்ரீட்ல இருந்து உள்ள தள்ளி, கட்டடங்களுக்கு நடுவுல அடங்கிக் கிடக்கு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். நிலாவுல பேசின ரெண்டு பேருமே இங்கதான் இருக்காங்க. போப் கல்லுல ஆங்கிலத்துல இருக்கறதோட சாரம் இது: தென்னிந்தியாவைச் சேர்ந்த ஜார்ஜ் அக்லோ போப், தமிழ் தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் சேப்ளன். பொறந்தது 1820, மறைஞ்சது 1908. இந்தக் கல்லை வெச்சவங்க அவர் குடும்பமும், தென்னிந்தியாவுல இருக்கற அவருடைய தமிழ் நண்பர்களும்.

அந்த ஆள் பொறந்தது கனடாவுல, பிரின்ஸ் எட்வர்டு தீவுல. கல்லறையில போட்டிருக்கற ஊரு எது? தென்னிந்தியா. நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரைப் போடுவோமே, அப்படி!

மாணவன்னு நாம ஒட்டின வரியைவிட இது எனக்கு நூறு மடங்கு உசத்தி. நம்ம ஆளுங்க கடல் தாண்டிக் காசு அனுப்பி நண்பர்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்க பள்ளிக்கூடத்துல என்ன வாசகம் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கமெண்ட்ல போடுங்க, சண்டை வேணாம், ஏற்கெனவே 470 வருஷம் ஆயிடுச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் இருக்கறவங்க யாராவது போனா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. பூ வைக்கறவங்க தாராளமா வைங்க, எழுத்தை மட்டும் மறைச்சிடாதீங்க.