வாளிச் சத்தம்

நடுவர் ஐயாவுக்கும், மழையில் நனைந்துகொண்டே மண்டபத்துக்கு வந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு, 'பாசத்துக்குக் காரணம் சுரப்பா, வளர்ப்பா?' நான் வளர்ப்பு கட்சி. எதிரணித் தம்பி வோல் என்கிற எலி மாதிரிப் பிராணியை மேடையில் அவிழ்த்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் பிரெய்ரி வோல் ஒரே துணையோடு குடும்பம் நடத்துகிறது, மலை வோல் நடத்துவதில்லை. ஆக்சிடோசின், வாசோபிரெசின் என்ற சுரப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருக்கும் இடம் இரண்டுக்கும் வேறு என்றார். சரி, உண்மைதான். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். 2023-இல் அதே பிரெய்ரி வோலுக்கு ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாதபடி மரபணுவை மாற்றிப் பார்த்தார்கள். அப்புறமும் ஜோடி சேர்ந்தது. தாய் பாலும் கொடுத்தது; கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. இதனால் வளர்ப்பு ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். ஆக்சிடோசின் இல்லாவிட்டால் பாசமே இல்லை என்று மேசையைத் தட்டினாரே, அந்தத் தட்டு வீண்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடு கறப்பார். வாளிக் கைப்பிடி 'கிணுங்' என்றதும், மடியில் கை படும் முன்பே காம்பில் பால் சொட்டும். மடிக்குள் பாலைப் பிழிந்து இறக்குவது ஆக்சிடோசின்தான். ஆனால் வாளிச் சத்தத்துக்குச் சுரக்க மாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? தினம் கறந்த கை. ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பா போனார். மாடு மிரண்டது, உதைத்தது, பால் இறங்கவில்லை. அதே மாடு, அதே சுரப்பி, ஐயா! அப்பா இன்றுவரை மாட்டைத்தான் குறை சொல்கிறார்.

அடுத்தது நக்கல். சிரிக்காதீர்கள், நாவால் நக்குவதைச் சொல்கிறேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர், பிறந்த எலிக்குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தார்கள். அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்த குட்டி, நன்றாக நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்தபோது பயம் குறைந்து வளர்ந்தது. அதுவே தாயானதும் தன் குட்டிகளை அப்படியே நக்கியது. பெற்றவளைக் கொள்ளவில்லை, வளர்த்தவளைக் கொண்டது.

இது நம் ஆயாக் கொட்டகைக்குத் தெரியாததா? விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில், ஒரே ஆயா. எங்களில் ஒருவரையும் அவர் பெறவில்லை. போன வருடம் அவர் காலமானபோது, ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்க்கு மாறி ஊரே கலைந்த பிறகும், ஜொகூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தோம். எதிரணியில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும் அண்ணன் அதே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு. எந்தச் சுரப்பி டிக்கெட் வாங்கியது என்று அவரையே கேளுங்கள், ஐயா.