டெமோவில் கேட்ட நாதஸ்வரம்

நேயர்களுக்கு வணக்கம். கீபோர்டு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் அழுத்துவது டெமோ பட்டனைத்தான். உடனே ஒரு கச்சேரியே நடக்கும். வயலின் வழுக்கும், நாதஸ்வரம் குழையும். பிறகு பிள்ளை கை வைத்தால் அதே நாதஸ்வரம் வாசல் மணி மாதிரி விறைப்பாக ஒலிக்கும். "பழகப் பழக வந்துடும்" என்பார்கள். சில கருவிகளில் எத்தனை வருடம் பழகினாலும் வராது.

டெமோ என்பது முன்பே எழுதி உள்ளே வைத்த மிடி கட்டளைகள். மிடி என்பது மின்னிசைக் கருவிகளுக்கு எதை எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் மொழி. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், சுரத்தை மேலோ கீழோ நழுவவிடும் வளைவு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். மிடியில் அழுத்தத்துக்கு 127 படிகள், வளைவுக்கு 16,384 படிகள். அந்த வளைவை நாம் கையால் கொடுக்க வேண்டுமானால் இடது ஓரத்தில் பிட்ச் பெண்ட் வீல் என்ற சிறு சக்கரம் இருக்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் அது கிடையாது. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் டச் ரெஸ்பான்ஸ் இல்லாதவையும் உண்டு. ஆனால் வீல் இல்லாத கருவியின் ஒலிப்பகுதிக்கும் வளைவுக் கட்டளை புரியும். அதனால்தான் டெமோவில் கேட்ட கமகம் நம் கையில் வராமல் போகிறது. கீர்த்தனையும் கோயில் பாட்டும் வாசிக்க வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வீல் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். ஒரே டோனில், அதாவது நாதஸ்வரம், வயலின் போன்ற ஏதாவது ஒரு ஒலியில், ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துப் பிடித்து வீலைத் தள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறும். கீழே சுருதியை நிறுத்திவிட்டு மேலே கமகம் கொடுக்க நினைத்தால் சுருதியும் கூடவே நகர்ந்துவிடும். கட்டைகளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டில் இடது கைக்குத் தனி டோன் கொடுத்து, அது அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கருவியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். புதுச்சேரி நேரு வீதியானாலும் கடலூர் லாரன்ஸ் ரோடானாலும் வாகன இரைச்சலை மீற, கடையில் கீபோர்டைப் பெரிய ஸ்பீக்கரில் கொடுத்திருப்பார்கள். ஹெட்ஃபோன் ஓட்டையில் ஒயர் செருகியிருந்தால் பெரும்பாலும் கருவியின் சொந்த ஸ்பீக்கர் அணைந்திருக்கும். நீங்கள் கேட்பது கடையின் பெட்டியை. ஒயரைப் பிடுங்கச் சொல்லி, 61 கட்டைக் கருவியில் இடது கோடிக் கட்டையை அழுத்துங்கள். அதன் அதிர்வெண் சுமார் 65 ஹெர்ட்ஸ். 2.5 வாட் கொண்ட இரண்டு சிறிய ஸ்பீக்கர்களில் அந்த அடிநாதம் சரியாக வராது, அதன் மேல்நாதங்கள்தான் காதில் விழும். தபேலா டோனில் இடது கைப் பக்கத்து பாயா தகரம் தட்டியதுபோலக் கேட்பதும் இதனால்தான். இணையத்தில் வரும் கம்பெனி வீடியோக்களில் ஒலியை நேராக ஒயரில் எடுத்து, எக்கோ சேர்த்து மெருகேற்றியிருக்கலாம். வீட்டில் அது கிடைக்காது.

ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதுதான் பாலிஃபோனி. அது 48 என்று போட்டிருந்தால் 48 சுரமும் உங்கள் விரலுக்கென்று நினைக்காதீர்கள். தானாக வாசிக்கும் பக்கவாத்தியமான ஸ்டைல் ஓடும்போது டிரம்ஸ், பேஸ், கார்டு எல்லாம் அதிலேயே பங்கு கேட்கும். இரண்டு ஒலியைச் சேர்த்துக் கொடுக்கும் டூயல் டோன் போட்டால் ஒரு கட்டைக்கு இரண்டு இடம் போகும். விரலை எடுத்தாலும் சுரத்தை நீடிக்கவைக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்து, கீழே ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, மேலே வேகமாக ஓடிப் பாருங்கள். இடம் போதாத கருவியில் கீழ்ச்சுரம் சட்டென்று அறுந்துவிடும். பெடல் பெரும்பாலும் பெட்டியோடு வராது, கடையில் கேட்டு வாங்கிச் செருகுங்கள். சொந்த ஹெட்ஃபோனையும் கொண்டுபோனால் இரைச்சலில் மறையும் 'உஸ்' சத்தம் தெரிந்துவிடும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பதும் பெரிய காரியம் இல்லை. டெமோ வீடியோவின் ஓரத்தில் மூன்று விவரம் போடட்டும்: ஒலி எங்கிருந்து எடுத்தது, எத்தனை தடவை வாசித்துச் சேர்த்தது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய டோன் ஏதும் அதில் உண்டா. கூடவே, கருவியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு சாதாரண செல்போனை வைத்து, கருவியின் சொந்த ஸ்பீக்கரில் ஒருவர் கையால் வாசிப்பதை ஒரு நிமிடம் பதிந்து காட்டட்டும்.