உண்டியலில் காசு போடச் சாவி எதற்கு?

வணக்கம் மக்களே. காலை ஐந்தரை மணி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் நிற்கிறேன். இன்றைக்கு முகூர்த்த நாள், சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மா இங்கேதான் உதிரிப்பூ வாங்குவார். கட்டி, சிம்மக்கல்லில் முழம் போட்டு விற்பார். 1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது, மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் மந்தையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் படித்தவர். கைநாட்டு வைத்த கை, கையெழுத்துப் போட்டது. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

2016-இல், போனிலேயே பணம் அனுப்புகிற யுபிஐ வந்தது. கொஞ்ச வருஷத்தில் அவருடைய பூக்கூடையிலும் கியூஆர் அட்டை தொங்கியது, கூடவே பணம் வந்தால் பேசுகிற பெட்டி. ஒருநாள் ஒரு பையன் பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டுக் கிளம்பினான். பெரியம்மா திரையைப் பார்க்கவே இல்லை. "பெட்டி பேசலையே தம்பி" என்றார். அவன் சில்லறையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்படிப்பட்டவரைத்தான் ஏமாற்றினார்கள். பரிசுப் பணம் வந்திருக்கிறது, இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்று போனில் ஒரு குரல். நாலாயிரம் ரூபாய் போனது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? நாங்கள் திட்டுவோம் என்று. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட்டிருந்தால், பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். அந்த மூன்று நாளை எடுத்துக்கொண்டது எங்கள் மேலிருந்த பயம். அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். அவருக்கு நாங்கள் எதைச் சொல்லிக்கொடுத்தோம்? ஒன்றுமே இல்லை. சந்தேகம் கேட்டால் "குடுங்க, நான் பண்றேன்" என்று போனைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுப்போம். மந்தையில் விளக்கு வைத்துப் பாடம் சொன்னவர்கள் பலகையைப் பிடுங்கி அவர்களே எழுதவில்லையே.

அப்புறம் உட்கார்ந்தோம். முதல் வேலையாகச் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இவ்வளவு நாள் ஆங்கிலத்தில் ஓடியிருக்கிறது, யாருக்கும் தோன்றவில்லை! பின் நம்பர் என்பது நம் பணத்தை வெளியே அனுப்ப, இல்லையென்றால் இருப்பைப் பார்க்க. வருகிற பணத்துக்கு அது வேண்டவே வேண்டாம். இதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "மீனாட்சி கோயில் உண்டியல்ல காசு போடச் சாவி கேப்பாங்களா பெரியம்மா?" என்றேன். நார் கட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"எடுக்கத்தானய்யா சாவி."

அதே வார்த்தைதான். நான் வேறு எதுவும் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் போனை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். தப்பாகத் தொடட்டும், நீங்கள் கையை நீட்டாதீர்கள்.

போன வாரம் சிம்மக்கல் போனேன். பக்கத்து வாழையிலைக் கடை அக்கா போனை நீட்டி ஏதோ கேட்டார். பெரியம்மா வாங்கவில்லை. "நீயே அமுக்கு, நான் பாக்குறேன்" என்றார்.