வானத்துக்கு ஒரு ஜாகா

(மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்தப் பிலிமைப் பாருங்கள். என் நெஞ்சுக்கூட்டுப் படம்தான். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், பயப்படாதீர்கள். குழல் விளக்குக்கு நேரே பிடிக்கிறேன். விலா எலும்பு வெள்ளையாக நிற்கிறது, நுரையீரல் இருக்கும் இடம் கறுப்பு. தோலையும் சதையையும் துளைத்துப் போகிற எக்ஸ் கதிர், வானத்திலிருந்து வந்தால் மட்டும் ஏன் நம் கூரைக்கு வந்து சேருவதில்லை?

கதிரிலும் கடினம், மென்மை உண்டு. ஆஸ்பத்திரிக் கதிர் கடினமானது. இன்று நான் பேசவந்த வானத்துக் கதிர்கள் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் குறைந்தவை. சில சென்டிமீட்டர் காற்றே அவற்றை விழுங்கிவிடும். நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடையோ பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். எப்படி வரும்? அதனால்தான் 1962 ஜூனில் இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியது. காற்றுக்கு மேலே அதற்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். அதற்குள் விருச்சிக மண்டலத்தில் பளிச்சென்று ஒரு எக்ஸ் கதிர் மூலம் அகப்பட்டது. 2002இல் அவருக்கு நோபல் பரிசு. 1970இல் எக்ஸ் கதிரைப் பார்க்கவென்றே உஹுரு துணைக்கோள் போனது. அதற்குப்பின் வரிசையாகப் பல போயின.

விருச்சிகத்தில் கண்டது எப்போதும் எரிந்துகொண்டே இருப்பது. சில நொடியோ சில நிமிடமோ வெடித்து மறைகிறவைதான் தொல்லை. செத்த விண்மீனின் இறுகிய மிச்சமான நியூட்ரான் விண்மீன் பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து மேலே சேர்த்துக்கொள்ளும். சேர்ந்தது ஒரு நேரம் அணுச்சேர்க்கையில் குபீரென்று பற்றிக்கொள்ளும். அது ஒரு வகை. மாபெரும் விண்மீன் சாகும்போது எழும் வெடிப்பு இன்னொரு வகை. எங்கே, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

தோட்டத்து ஜாகாவை, அதாவது காவல்காரரைப் பெரியவர்களுக்குத் தெரியும். டார்ச் லைட்டை ஸ்டோர் பூட்டின் மேலேயே அடித்துக்கொண்டு நின்றால் பூட்டின் துருகூடத் தெரியும். பின்பக்கமாக ரப்பர் ஒட்டுப்பால் மூட்டை போய்விடும். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999இல் போனது. கூர்மையில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் முதன்மைக் கேமரா ஒரு தடவையில் பார்ப்பது முழுநிலவின் பாதிப் பரப்புக்கும் குறைவு. 2015 மார்ச்சில் ஒரு வெடிப்பு அதன் கண்ணிலேயே பட்டது. ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது 2019இல். நான்கு வருடம் கழித்து வெடிப்பின் மிச்ச ஒளியைத் தேடி யார் போவது?

2008 ஜனவரி 9ஐயும் சொல்ல வேண்டும். சுவிஃப்ட் துணைக்கோள் சுமார் ஒன்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸியில்) ஏற்கெனவே வெடித்த விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே மண்டலத்தில் இன்னொரு விண்மீன் கண்ணெதிரே வெடித்தது. வானியலாளர் அலிசியா சோடர்பெர்க் அந்தத் தரவைப் பார்த்ததும் உலகம் முழுக்கத் தொலைநோக்கிகளைத் திருப்பச் சொன்னார். எக்ஸ் கதிர் நீடித்தது ஏழு நிமிடம்கூட இல்லை. அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் நடந்தது லாட்டரி. லாட்டரியை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது என்பது என் கட்சி.

அகலப் பார்வை வேண்டும். எக்ஸ் கதிரில் அதுதான் கஷ்டம். சாதாரண லென்ஸ் செல்லாது, கண்ணாடியில் நேராக அடித்தால் உறிஞ்சப்பட்டுவிடும். உரசினாற்போல் சாய்ந்து போனால்தான் பிரதிபலிக்கும். இதற்கு வழி சிங்கி இறாலிடம் இருந்தது. அதன் கண்ணில் வில்லை இல்லை. சதுரச் சதுரமாக நெருக்கிய குழல்கள், அவற்றின் சுவரில் பட்டு ஒளி குவிகிறது. இந்த அமைப்பை எக்ஸ் கதிருக்குப் பயன்படுத்தலாம் என்று 1979இல் ராஜர் ஏஞ்சல் எழுதினார். வானத்தை அகலமாகக் காவல் காக்கும் துணைக்கோளாகச் செய்து பறக்கவிட நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2024 ஜனவரி 9 அன்று சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் துணைக்கோளில் இப்படிப்பட்ட பன்னிரண்டு கண்கள். குழல் ஒன்றின் அகலம் 40 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. பன்னிரண்டும் சேர்ந்து 3,600 சதுர பாகை, கிட்டத்தட்ட பதினெட்டாயிரம் முழுநிலா பரப்பு. பூமியை மூன்று சுற்றுச் சுற்றினால் இரவு வானம் ஏறக்குறைய முழுதும் முடிந்துவிடும். நம் பேராவுக்கு மேலேயும் போகிறது.

ஏவிய இரண்டே மாதத்தில், மார்ச் 15 அன்று, ஒன்றைப் பிடித்தது. பதினேழு நிமிடத்துக்கு மேல் எரிந்தது. சிறுகோள் தேட வைத்த அட்லஸ் தொலைநோக்கி சற்று நேரத்தில் அதே இடத்தில் ஒளியைக் கண்டது. தூரத்தை அளந்தபோது, அந்த ஒளி கிளம்பி 1,250 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. கூடவே, எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த காமா கதிரின் வெடிப்பு ஒன்றும் பதிவாகியிருந்தது. மென்மையான எக்ஸ் கதிர் அதற்குச் சுமார் ஆறு நிமிடம் முன்பே தொடங்கிவிட்டது. எனக்கு இந்த ஆறு நிமிடம்தான் பெரிய விஷயம். காமா கதிரை மட்டும் நம்பியிருந்தால் கதையின் தொடக்கமே நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி நேரத்தில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, “சார், இங்கேயிருந்து நாம் எதையாவது பார்க்க முடியுமா?” என்று கேட்டாள். எக்ஸ் கதிரை முடியாதும்மா. பின்னால் வரும் ஒளியை, அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம். 2008 மார்ச் 19 அன்று ஒரு வெடிப்பின் ஒளி, இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குச் சில நொடிகள் பிரகாசித்தது. அறிவிப்பு வந்த நேரத்தில் நம் ஊரில் மழை பெய்யாமல் இருக்க வேண்டும், அது வேறு. இப்படிப்பட்ட வெடிப்புகளை உடனுக்குடன் தெரிவிக்க நாசா நடத்தும் ஜிசிஎன் அறிவிப்பு வலையில் சேரக் காசு கிடையாது. மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும்.