கரை ஒதுங்கிய கால்சட்டை

(குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றின் நூலகத்தில், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே நல்ல காற்று. அதை விட்டுவிட்டு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

என் கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. உள்ளே இருப்பது ஜவ்வரிசி மாதிரி தெரியும். யாரும் பாயசம் வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் குருணை. வாளி, குடம், நாற்காலி வார்க்கிற ஆலைகளுக்கு இப்படித்தான் சரக்கு போகும். 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்குத் தெற்கே, கேரளக் கடலில் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். கழன்ற பெட்டிகள் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஒதுங்கின. குருணை இன்னும் கீழே இறங்கி, நம் கரைக்கு வந்தது. அப்புறம் முனையைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி மணலிலும் கிடந்தது. இந்தப் புட்டியில் இருப்பது நான் இங்கேயே பொறுக்கியது. ஈர மணலோடு கையில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது.

எல்லாம் ஏன் தெற்கே வந்தது? கடலுக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இந்தியாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது; இலங்கைக்குத் தெற்கே கிழக்காகத் திரும்புகிறது. டிசம்பர், ஜனவரியில் அதே தண்ணீர் தலைகீழாக வடக்கே போகும். அந்தக் கப்பல் மார்கழியில் மூழ்கியிருந்தால் இந்தக் குருணையைக் கண்ணூர், மங்களூர் பக்கம் பொறுக்கியிருப்பார்கள். பருவத்துக்குப் பருவம் இவ்வளவு பெரிய அளவில் நீரோட்டம் திசை மாறுவது வட இந்தியப் பெருங்கடலின் தனிக்குணம். அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டம் ஆண்டு முழுவதும் ஒரே போக்குதான்.

கவனியுங்கள், இவ்வளவையும் நான் சொல்ல முடிவது ஒரே காரணத்தால். குருணை எங்கே விழுந்தது, என்று விழுந்தது, இரண்டும் தெரியும். அது தெரியாமல் கரையில் ஒரு பொருள் கிடைத்தால் என்ன ஆகும்? கதை பிறக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்று கேட்டால் தருவார்கள். இரட்டைத் தேங்காய் ஒட்டியதுபோல், கன்னங்கரேலென்று, ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் இருக்கும் கொட்டை. பல நூற்றாண்டுகளாக அது மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கியது. மரத்தை யாரும் பார்த்ததில்லை. கடலுக்கு அடியில் அந்த மரம் வளர்கிறது என்றே நம்பினார்கள். கரையில் கிடைத்தால் மன்னருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டமும் மாலத்தீவில் இருந்தது. 1768-இல்தான் இந்தியப் பெருங்கடலின் மேற்கே, சேஷல்ஸ் தீவுக்கூட்டத்தின் பிராலின் தீவில் மரம் அகப்பட்டது. புதுக் கொட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்; உள்ளே அழுகிக் கூடாகிப்போனதுதான் மிதக்கும். அதனால்தான் மிதந்து வந்த எதுவும் எங்கேயும் முளைக்கவில்லை. இன்றைக்கும் அதன் தாவரவியல் பெயரில் மாலத்தீவுதான் இருக்கிறது. பிறந்த ஊரை விட்டுவிட்டு ஒதுங்கிய ஊரை இன்ஷியலாகப் போட்டுக்கொண்ட தேங்காய்!

இப்போது ஒரு கால்சட்டைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீனெட் என்று ஒரு அமெரிக்கக் கப்பல். வடதுருவத்தைத் தேடி 1879-இல் புறப்பட்டது. பனிக்கட்டி அதைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 21 மாதம் பனியோடு பனியாக நகர்ந்து, 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கி மூழ்கியது. மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். சரி, அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், ஒரு பனிப்பாளத்தின் மேல் சில பொருள்கள் கிடைத்தன. கப்பல் தலைவர் டி லாங் கையெழுத்திட்ட உணவுப் பட்டியல் ஒன்று. எண்ணெய்த்துணிக் கால்சட்டை ஒன்று. அதில் 'லூயி நோரோஸ்' என்று பெயர். நோரோஸ் அந்தக் கப்பலின் மாலுமி. உயிர் பிழைத்த சிலரில் ஒருவர். மனிதர் சைபீரியா வழியாக ஊர் திரும்பினார், அவருடைய கால்சட்டை வேறு வழியில் போனது.

சைபீரியாவில் விழுந்தது கிரீன்லாந்தின் மறுபக்கம் எப்படி வந்தது? நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன், துருவத்தை ஒட்டி ஒரு நீரோட்டம் குறுக்கே போகிறது என்றார். பிரிட்ஜோஃப் நான்சென் என்ற இளைஞர் அதைப் படித்துவிட்டு, கால்சட்டை போன வழியில் நானும் போகிறேன் என்று கிளம்பினார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்பட்டும் என்று, அடிப்பாகம் உருண்டையாக ஒரு கப்பல் கட்டினார். பெயர் ஃப்ராம். பெரிய பெரிய ஆட்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1893 செப்டம்பரில் கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். 1896 ஆகஸ்டில், கிட்டத்தட்ட மூன்று ஆண்டு கழித்து, நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே பனி அதைப் பத்திரமாக வெளியே விட்டது. துருவத்தை எட்ட முடியவில்லை. ஆனால் நீரோட்டம் உண்மை.

அந்தப் பயணத்தில் நான்சென் இன்னொன்றையும் குறித்துவைத்தார். பனிப்பாளங்கள் காற்று போகிற திசையிலேயே போவதில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்புறம் விலகிப் போகின்றன. பூமி சுழல்வதால் வருகிற விலகல் அது. தென் அரைக்கோளத்தில் இடப்புறம் விலகும். இந்தக் குறிப்பை வைத்துத்தான் எக்மன் என்ற ஸ்வீடன் கடலியலாளர், காற்று கடல்நீரை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்ற தன் கோட்பாட்டை 1905-இல் வெளியிட்டார். இன்றைக்கும் கடலியல் வகுப்பில் முதல் பாடங்களில் ஒன்று அது.

வாத்துக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 ஜனவரி 10, வடபசிபிக்கில் புயல். ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டகோமாவுக்குப் போன கப்பலிலிருந்து 12 கன்டெய்னர்கள் விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள்: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், பச்சைத் தவளை, நீல ஆமை. அட்டை ஊறிப் பிரிந்துபோக, பொம்மைகள் விடுதலையாயின. பத்து மாதம் கழித்து, சுமார் 3,200 கிலோமீட்டர் தாண்டி, அலாஸ்காவின் சிட்கா கரையில் தலைகாட்டின. கர்ட்டிஸ் எபெஸ்மேயர் என்ற கடலியலாளர் கப்பலின் பதிவேட்டிலிருந்து விழுந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். ஜேம்ஸ் இங்கிராம் கணினியில் பாதையைப் போட்டுப் பார்த்தார். வடபசிபிக்கில் வட்டமாகச் சுற்றும் நீரோட்டம் ஒரு சுற்று வர ஏறத்தாழ மூன்று ஆண்டு என்று பொம்மைகள் காட்டிக்கொடுத்தன.

இதே இருவர் அதற்கு முன்னால் பார்த்தது ஷூ. 1990 மே மாதம் இன்னொரு கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கான நைக்கி ஷூக்கள் விழுந்தன. ஓராண்டு ஊறியும் போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தன. ஆனால் ஜோடி சேரவில்லை! மக்கள் சந்தை கூட்டி வலதுகால், இடதுகால் மாற்றிக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு பக்கம் வளைந்திருப்பதால் காற்று இரண்டையும் வேறு வேறு பக்கம் தள்ளுகிறது. ஆக, நீரோட்டம் மட்டும் போதாது. தண்ணீருக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, என்ன வடிவம், எல்லாம் கணக்கில் வரும். வாத்து பாதி உடம்பை வெளியே காட்டிப் பாய்மரம் மாதிரி ஓடும். இந்தக் குருணை தண்ணீரோடு கிடந்து போகும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலேசியாவின் எம்எச்370 பயணிகள் விமானம். 2014 மார்ச் 8 அன்று காணாமல் போனது. 2015 ஜூலை 29 அன்று அதன் இறக்கைத் துண்டு ஒன்று இந்தியப் பெருங்கடலின் மேற்கே உள்ள ரீயூனியன் தீவில் ஒதுங்கியது. இங்கே கணக்கு தலைகீழ்: ஒதுங்கிய இடம் தெரியும், விழுந்த இடம் தெரியாது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதே வகை விமானத்தின் அதே பாகத்தை வாங்கி, கிடைத்த துண்டு உடைந்திருந்த மாதிரியே அறுத்து, டாஸ்மேனியக் கடலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அது காற்றின் போக்குக்குச் சுமார் 20 பாகை இடப்புறமாக, எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனது. அவ்வளவு செய்தும் விழுந்த இடத்தை ஒரு புள்ளியாக வைக்க முடியவில்லை. ஒரே துண்டுக்குப் பின்னால் ஆயிரம் வழிகள் விரிகின்றன.

கடைசியாக ஒரு புட்டி, என்னுடையது இல்லை. ஜெர்மன் கடற்படை ஆய்வகம் 1864 முதல் 1933 வரை கப்பல்களிடம் படிவம் கொடுத்து, நாள், இடம், கப்பல் பெயர் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் வீசச் சொன்னது. அதில் ஒன்று 2018 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலிய மணலில் கிடைத்தது. தேதி 1886 ஜூன் 12, கப்பல் பாவ்லா. ஜெர்மனியில் அந்தக் கப்பலின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதே நாளில் புட்டி வீசியதாக எழுதியிருந்தது, கையெழுத்தும் ஒத்துப்போனது. 131 ஆண்டும் கடலில் அலைந்ததாக நினைக்காதீர்கள். ஒரு வருடத்துக்குள் கரை சேர்ந்து மணலுக்குள் புதைந்திருக்கும் என்கிறார்கள்.

என் புட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், பொறுக்கிய இடமும் நாளும். கைமாற்றிப் பாருங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள், மேலே ஃபேன் ஓடுகிறது.