மான் எங்கே போச்சு?
(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவனுக்குக் கட்டத்துக்குள்தான் பேச வரும். மேடையில் கால் கொஞ்சம் உதறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் போட்டதைத்தான் முதல் குறுக்கெழுத்து என்கிறோம். அதில் ஒரு குறிப்பு: இரை பிடித்துத் தின்னும் விலங்கு. விடை சிங்கம். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுக்கும் நம் வழக்கத்திலும் சி, ங், க, ம் என்று நான்குதான்! அதே புதிரில் புறா இரண்டு இடங்களில் விடையாக வருகிறது. ஓரிடத்தில் குறிப்பு 'ஒரு பறவை'. மற்றதில் புறாவுக்கே உள்ள இன்னொரு ஆங்கிலப் பெயர். சரி, முதல் புதிர், மன்னித்துவிடலாம். இன்றைக்கும் 'ஒரு பறவை (3)' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? மயில், குயில், காகம், கழுகு, ஆந்தை, கொக்கு எல்லாமே மூன்று கட்டம். இது குறிப்பா, குலுக்கல் சீட்டா?

தமிழில் இப்படிச் சோம்பேறித்தனம் பண்ண வேண்டியதே இல்லை. நம் விலங்குப் பெயர்கள் பாதி ஏற்கெனவே புதிராகத்தான் இருக்கின்றன. 'யானை தின்பது, யானையேதான் (3)'. விடை வேழம். கரும்புக்கும் அதுதான் பெயர், யானைக்கும் அதுதான் பெயர். 'ஆமையிடம் தோற்றாலும் முயற்சி செய் (3)' என்றால் முயல். 'தலை போனால் கடல் அலை, இருந்தால் பந்தயத்தில் ஓடும் (3)' என்றால் குதிரை. 'கு' போனால் திரை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆமை: 'தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் பேனாவுக்கு ஆகும் (2)'. மிச்சம் இருப்பது மை. அந்தப் பிராணி நிஜத்திலும் தலையை இழுத்துக்கொள்கிறதே!

இளசுகளுக்கும் பஞ்சமில்லை. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர் சொல்கிறது. இதில் மறி எனக்கு அடிக்கடி கைகொடுக்கும். 'வழியில் குறுக்கே நில், ஆட்டுக்குட்டி (2)'.

ஆனால் ஒரு விலங்கு என்னைப் படுத்திவிட்டது. 'மயிர் போனால் வாழாது (4)' என்று ஒரு தடவை குறிப்பு கொடுத்தேன். 969ஆம் குறள் எல்லாருக்கும் தெரியும், எளிதாகப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பத்துப் பேராவது கவரிமான் என்று எழுதி, கடைசி எழுத்தைக் கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் தொங்கவிட்டு அனுப்பியிருந்தார்கள். வள்ளுவர் சொன்னது கவரிமா. மா என்றால் விலங்கு. கவரி இமயமலைப் பக்கத்தில் உடம்பெல்லாம் சடை தொங்கத் திரிகிற எருமை மாதிரியான பிராணி. யாக் என்கிறோமே, அது. பனிக்காட்டில் அந்தச் சடைதான் அதற்குப் போர்வை. அது போனால் குளிரில் எங்கே பிழைக்கும்?

இதையெல்லாம் அடுத்த இதழில் விளக்கி எழுதினேன். அப்புறமும் ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, அச்சில் ஒரு கட்டம் விட்டுப்போச்சு" என்றார். "இல்லை ஐயா, நான்குதான், எண்ணிப் பாருங்கள்" என்றேன். அவர் க, வ, ரி, மா என்று விரல் விட்டு எண்ணுவது போனில் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"அப்போ அந்த மான் எங்கே போச்சு?"